செயலி நன்றாக இருக்கிறது, பங்கு?

கடலூர் துறைமுகத்தில் மீன் வாங்கப் போனால், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் காசை நீட்டுவதில்லை. அதே ஆட்கள்தான் புதுச்சேரி பஸ் கன்னியகோவிலைத் தாண்டுவதற்குள் செல்போனில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிப் பங்கை இருபதாயிரத்துக்கு வாங்கிவிடுகிறார்கள். நானும் அப்படி வாங்கியவன்தான். தினமும் பயன்படுத்துகிற செயலி, வேகமாக ஓடுகிறது, அப்படியானால் கம்பெனியும் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். போட்டதில் பாதி போன பிறகுதான் அதன் ஆண்டறிக்கையை முதன்முதலாகத் திறந்தேன். லாபம் இருக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு பெரிய எண். அடைப்புக்குறிக்குள் போட்டால் நஷ்டம் என்பதே அன்றுதான் தெரிந்தது.

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். நாம் பயன்படுத்துகிறோம் என்பதும் கம்பெனி சம்பாதிக்கிறது என்பதும் வேறு வேறு. மஞ்சக்குப்பம் டீக்கடையில் ஸ்கேன் செய்து 12 ரூபாய் அனுப்புகிறீர்கள். உங்களுக்குக் கட்டணம் இல்லை. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ பணத்துக்குக் கடைக்காரரும் கமிஷன் தர வேண்டியதில்லை. அப்புறம் அந்த ஸ்கேன் அட்டையை ஒட்டிய கம்பெனிக்கு வருமானம் எங்கிருந்து? பணம் வந்ததைச் சத்தம் போட்டுச் சொல்லும் பெட்டியின் வாடகை, கடன் வாங்கித் தரும் கமிஷன் என்று சுற்றுவழியில்தான் வர வேண்டும். 2021 நவம்பரில், இப்படி ஸ்கேன் அட்டை ஒட்டும் பேடிஎம் கம்பெனியின் பங்கு 2,150 ரூபாய்க்கு வெளியானபோது இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. சந்தையில் வாங்கி விற்கத் தொடங்கிய முதல் நாளே விலை ஏறத்தாழ 27 சதவீதம் இறங்கியது.

ஐபிஓவில், அதாவது கம்பெனி முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும்போது, வாங்குபவர்கள் கவனிக்காத இன்னொன்று, முன்பே உள்ளே இருந்த முதலீட்டாளர்கள் தங்கள் பங்கை விற்க முடியாத கட்டாயக் காத்திருப்புக் காலம். 2021 ஜூலையில் 76 ரூபாய்க்கு வந்த உணவுச் செயலி ஜொமேட்டோவின் பங்கு, ஓராண்டு முடிந்து பழைய பங்குதாரர்கள் விற்கலாம் என்றானதும் 50 ரூபாய்க்கும் கீழே போனது. பின்னால் 300-ஐயும் தொட்டது, அது வேறு கதை. காத்திருப்பு எவ்வளவு காலம் என்பது வெளியீட்டு ஆவணத்திலேயே இருக்கும்.

ஐடி என்றாலே எல்லாம் ஒன்று என்று எண்ணுவதும் தவறு. டிசிஎஸ், இன்ஃபோசிஸ் போன்றவை ஆட்களின் உழைப்பை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விற்கின்றன. அமெரிக்க வங்கி செலவைக் குறைத்தால் இங்கே வலிக்கும். உணவுச் செயலிக்கு அந்தக் கவலை இல்லை, வேறு கவலை உண்டு. இரண்டையும் ஒரே பிஇ விகிதத்தால் (பங்கின் விலை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு) அளக்கக் கூடாது. நம் ஊர் சாஃப்ட்வேர் கம்பெனி ஜோஹோவின் பங்கு கிடைக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். அது சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனி. டெலிகிராமில் யாராவது விற்க வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

புதுச்சேரியில் ஐடி வேலை பார்க்கும் என் அக்கா மகன், “மாமா, நானே இந்த ஃபீல்டுலதான் இருக்கேன், எனக்குத் தெரியாதா?” என்கிறான். சம்பளமும் அங்கிருந்து, சேமிப்பும் அங்கேயே. ஆட்குறைப்பு வரும் காலத்தில் பங்கும் விழுந்தால் வீட்டுக் கடன் தவணைக்கு எதை விற்பான்?

சரி, அறிக்கையைப் படித்துவிட்டால் தப்பிக்கலாமா? அதுவும் உறுதியில்லை. 2009 ஜனவரியில் சத்யம் என்ற ஐடி நிறுவனத்தின் தலைவரே ஒப்புக்கொண்டார்: கணக்கில் காட்டிய 5,361 கோடி ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை. ஒரே நாளில் விலை முக்கால்வாசிக்கு மேல் சரிந்தது. ஒழுங்காகப் படித்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். அதனால்தான் எந்த ஒரு கம்பெனியிலும் சேமிப்பில் சிறு பகுதிக்கு மேல் நான் போடுவதில்லை.

என் பாதி போன பங்கை, வாங்கிய விலைக்கு வரட்டும் என்று இரண்டு வருடம் வைத்திருந்துவிட்டுத்தான் விற்றேன். அந்த நஷ்டத்தைக் காலக்கெடுவுக்குள் வருமான வரிப் படிவத்தில் காட்டினால், அடுத்த 8 ஆண்டு வரை, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும் பங்குகளின் லாபத்தில் கழித்துக்கொள்ளலாமாம். காலக்கெடு முடிந்து ஒரு மாதம் கழித்துதான் ஆடிட்டர் சொன்னார்.