மாவட்டக் கோட்டா நியாயமா? ஊர்க் கூட்டத்தில் விவாதிக்கும் முறை

திருகோணமலையில் சமத்துவம் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் பல்கலைக்கழக அனுமதியில்தான் வந்து நிற்கும்: இடங்களில் ஒரு பகுதியை மாவட்டவாரியாகப் பிரித்துக் கொடுக்கும் கோட்டா நியாயமா? வெட்டுப்புள்ளி (இடம் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி) வெளியாகும் நாட்களில் தேத்தண்ணிக் கடையிலும் இதே கதைதான். "எல்லாருக்கும் ஒரே அளவுகோல் இருக்க வேணும்" என்பார் ஒருவர். "எல்லாருக்கும் ஒரே பள்ளிக்கூடமா கிடைச்சது?" என்று மற்றவர் திருப்பிக் கேட்பார். முதலாமவர் பரீட்சை மண்டபத்து வாசலில் நிற்கிறார், இரண்டாமவர் அதற்குப் பன்னிரண்டு வருடம் முந்தி நிற்கிறார். இருவரும் எந்த இடத்தில் நின்று பேசுகிறார்கள் என்பதைச் சொல்ல வைத்தாலே பாதிச் சண்டை தணியும். சனசமூக நிலையத்திலோ வாசிகசாலையிலோ அப்படியொரு கூட்டத்தை நடத்த இந்தக் குறிப்பு உதவும்.

முதலில் தலைப்பு. "சமத்துவம் தேவையா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு பொருளை மனத்தில் வைத்துப் பேசுவார்கள். ஆம், இல்லை என்று கை உயர்த்தக்கூடிய முன்மொழிவாக எழுதுங்கள். இந்த மாவட்டத்துக்கு நன்றாகப் பொருந்துவது: "மாவட்ட அடிப்படையில் கிடைக்கும் இடங்களைக் கல்வி வலயங்களுக்கிடையே பகிர வேண்டும்." வலயம் என்பது மாவட்டத்துக்குள் இருக்கும் கல்வி நிர்வாகப் பிரிவு. ஏன் இது நல்ல தலைப்பு என்பது கூட்டத்தின் நடுவில் தெரியவரும்.

ஆட்கள் பதினைந்து பேர் போதும். திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என்ற ஐந்து வலயங்களிலிருந்தும் மும்மூன்று பேராக அழையுங்கள்: ஒரு மாணவர், ஒரு பெற்றோர், ஓர் ஆசிரியர். நகரத்து ஆட்களை மட்டும் வைத்து நடத்தினால் கொழும்பைத் திட்டுவதோடு கூட்டம் முடிந்துவிடும். சிங்களம் மட்டும் பேசுகிறவர்கள் வந்தால், மொழிபெயர்க்க ஒருவரை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவர் காதுக்குள் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டால் அவர்கள் பத்து நிமிடத்தில் விலகிப்போவார்கள். சனிக்கிழமை மாலை 4 மணிக்குத் தொடங்கி 5.45க்கு முடித்தால் மஃரிப் தொழுகைக்கும், வெருகல், மூதூர்ப் பக்கம் போகிறவர்களின் பஸ்ஸுக்கும் இடைஞ்சல் வராது.

முதல் கால் மணி நேரம் கரும்பலகைக்கு. யாரும் வாதிடத் தொடங்குமுன் தரவைப் போடுங்கள். ஒரு பாடநெறிக்கு 1000 இடங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பொது முறைப்படி அதில் 400 அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 550 இடங்கள் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதத்தில் பிரியும். மிச்சம் 50 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2012 கணக்கெடுப்பின்படி நாட்டின் சனத்தொகையில் எங்கள் மாவட்டத்தின் பங்கு 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே 550இல் எங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ பத்து. இந்தப் பத்தை எழுதியதும் அறை அமைதியாகும். கோட்டாவால் பெருவாரியான இடங்கள் கிடைக்கின்றன என்றோ, ஒன்றுமே கிடைப்பதில்லை என்றோ நினைத்தவர்கள் இரண்டும் சரியில்லை என்று காண்பார்கள். சில பாடநெறிகளுக்கு விதி வேறு. அந்த வருடத்து அனுமதிக் கைந்நூல் ஒன்று மேசையில் இருக்கட்டும்.

அடுத்த பத்து நிமிடம் இசட் புள்ளி: ஒருவரின் புள்ளி அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் என்று காட்டும் எண், அனுமதிக்குப் பார்ப்பது இதைத்தான். இதைச் சூத்திரமாகச் சொன்னால் பெற்றோர் ஒதுங்கிவிடுவார்கள். கணக்காகப் போட்டுக் காட்டுங்கள். ஒரு பாடத்தில் சராசரி 50, நியம விலகல் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு) 15. அதில் 65 எடுத்தவரின் இசட் புள்ளி 1.0. இன்னொரு பாடத்தில் சராசரி 35, நியம விலகல் 10. அங்கே 50 எடுத்தவருக்கு 1.5. பாடம் கடினமாக இருந்ததற்கு இந்த முறை ஈடு செய்கிறது. படிப்பித்த ஆசிரியர் இல்லாமல் போனதற்கு ஈடு செய்வதில்லை. இந்த இரண்டையும் குழப்புகிறவர்கள் பலர்.

இங்கே கட்டாயம் இன்னொரு குழப்பமும் வரும், அதற்குத் தயாராக இருங்கள். "தரப்படுத்தல்" (1970களில் அனுமதிப் புள்ளிகளை மாற்றியமைத்த முறை) என்ற சொல் எழுந்தவுடன் குரல்கள் உயரும். அந்தக் காயம் உண்மையானது, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். 1970களின் தொடக்கத்தில் மருத்துவத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளியும் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளியும் தேவைப்பட்டன. மொழியைப் பார்த்து வைத்த வேறுபாடு அது. 1974இல் வந்த மாவட்டக் கோட்டா பிரதேசத்தைப் பார்த்து வைத்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அது இழப்பாக இருந்தபோது, கிழக்கில் பல பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தது. பலகையில் இரண்டு தனி நிரல் போட்டு, பேசுகிறவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். கேட்காமல் விட்டால் ஒரு மணி நேரம் இதிலேயே போய்விடும்.

இனி விவாதம், 40 நிமிடம்: திறமை மட்டும் போதுமா, மாவட்ட ஒதுக்கீடு வேண்டுமா? அவரவர் நம்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் முதல் 20 நிமிடம் பேச விடுங்கள். திறமைப் பக்கம் பேசுகிறவர் இதையாவது சொல்ல வேண்டும்: கூடிய புள்ளி எடுத்தும் இடம் கிடைக்காத பிள்ளை எந்தத் தவறும் செய்யவில்லை, முந்திய அநீதிக்கு அந்தப் பிள்ளை ஏன் விலை கொடுக்க வேண்டும்? ஒதுக்கீட்டுப் பக்கம் பேசுகிறவருக்கு, மெய்யியலாளர் பேர்னார்ட் வில்லியம்ஸ் 1962இல் வைத்த உதாரணம் கைகொடுக்கும். போர்வீரர் பதவி எல்லாருக்கும் பொதுவாகத் திறந்துவிடப்படுகிறது, உடல்வலுப் பரீட்சையில் வென்றால் போதும். ஆனால் வயிறாரச் சாப்பிட்டு வளர்ந்த பணக்கார வீட்டுப் பிள்ளைகளே தொடர்ந்து வெல்கிறார்கள். வாசல் திறந்திருக்கிறது. வாய்ப்பு சமமா?

"கோட்டாவால் வந்தவர் தரம் குறைந்த வைத்தியர் ஆவார்" என்று யாராவது சொல்வார். வாசல் வேறாக இருந்தாலும் உள்ளே எழுதும் பரீட்சை எல்லாருக்கும் ஒன்றே என்பது நேரான பதில். அதோடு நிறுத்தாதீர்கள்: மருத்துவ பீடத்தில் படிப்பு ஆங்கிலத்தில், ஆங்கில ஆசிரியர் இல்லாத பாடசாலையிலிருந்து வந்தவர் முதல் வருடத்தில் திணறுவார். இடம் கொடுத்துவிட்டுக் கைவிடுவதும் அநீதியே.

வாய்ப்புச் சமத்துவம் (போட்டியிடும் வாய்ப்பு சமமாக இருப்பது), விளைவுச் சமத்துவம் (கிடைக்கும் பலன் சமமாக இருப்பது) என்ற சொற்களை இப்போதுதான் பலகையில் எழுதுங்கள். முன்பே எழுதினால் ஆட்கள் கட்சி பிரிந்துவிடுவார்கள். ஒப்பிட உள்ளூராட்சிச் சபைகளில் பெண்களுக்கான 25 சதவீதத்தை எடுக்கலாம்: 2018 தேர்தலில் முதன்முறை நடைமுறைக்கு வந்தது, ஆசனத்தையே உறுதிசெய்கிறது, ஆகவே விளைவுக்கு நெருக்கமானது. மாவட்டக் கோட்டா பட்டத்தை உறுதிசெய்வதில்லை, நுழைவை மட்டும் தருகிறது. அரசியலமைப்பின் 12(4) உறுப்புரை விசேட ஏற்பாடுகளுக்குப் பெண்கள், சிறுவர், மாற்றுத்திறனாளிகள் என்று பெயர் சொல்லி இடம் வைக்கிறது. பிரதேசம் அந்தப் பட்டியலில் இல்லை.

இப்போது முன்மொழிவுக்கு வாருங்கள், 25 நிமிடம். பத்துப் புளியங்கொட்டையை மேசையில் வையுங்கள், அந்தப் பத்து மாவட்ட இடங்கள். நகரத்துப் பாடசாலை மாணவரும் வெருகல் பக்கத்து ஈச்சிலம்பற்று மாணவரும் ஒரே மாவட்டப் பட்டியலில் போட்டியிடுகிறார்கள். கொட்டைகள் எந்தப் பக்கம் போகும் என்று சபையே நகர்த்திக் காட்டட்டும். கொழும்பைப் பார்த்து நாங்கள் சொன்ன ஒவ்வொரு நியாயத்தையும் வெருகல்காரர் நகரத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்பது அப்போது புரியும். நகரத்துப் பெற்றோர் கோபப்படலாம், அதை அடக்க வேண்டாம். "அப்படியென்றால் எந்த எல்லையில் நிறுத்துவது, ஏன்?" என்ற கேள்வியை மட்டும் விடாமல் கேளுங்கள். எல்லையைச் சுருக்கச் சுருக்க நியாயம் நுணுக்கமாகும், ஆனால் பாடசாலை மாறி இடம் பிடிக்கும் தந்திரமும் இலகுவாகும். வலய அளவை எதிர்ப்பதற்கு இது பலமான வாதம். யாரும் சொல்லாவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

கடைசி 15 நிமிடத்தில் வாக்கெடுங்கள். கூடவே ஒவ்வொருவரும் ஒரு துண்டில், எந்தத் தகவல் கிடைத்தால் தன் வாக்கை மாற்றுவார் என்று எழுதட்டும். பெரும்பாலும் ஒன்றே வரும்: எந்தப் பாடசாலையில் உயர்தர இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர் இருக்கிறார்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். ஐந்து வலயங்களுக்கும் ஒரே சொற்களில் தனித்தனிக் கடிதம் போகட்டும். கேள்வியைப் பாடசாலைவாரியாகவும் பாடவாரியாகவும் அமையுங்கள். வலயத்தின் மொத்தத் தொகையைக் கேட்டால், நகரத்தில் மேலதிகமாக இருப்பவர்களைக் கூட்டி, கிராமத்து வெற்றிடம் தெரியாத ஓர் எண்தான் கைக்கு வரும்.