மலை உயரத்தை அளப்பதில் சறுக்கும் இடங்கள்

கொடிமலை எவ்வளவு உயரம் என்று பினாங்கில் யாரைக் கேட்டாலும் 833 மீட்டர் என்பார்கள். மலை ரயிலில் ஏறி, மேலே முருகனைக் கும்பிட்டுவிட்டு, 833 மீட்டர் உயரத்தில் நிற்பதாகப் படமும் எடுத்துக்கொள்வார்கள். அந்த எண் வெஸ்டர்ன் ஹில் என்ற வேறொரு சிகரத்துக்கு உரியது. கொடிக்கம்பத்தால் பெயர் பெற்ற மேடு 735 மீட்டர்தான். கிட்டத்தட்ட நூறு மீட்டர் பிழை, அதுவும் எந்தக் கருவியையும் கையில் எடுப்பதற்கு முன்பே.

எந்த உச்சி என்று முடிவான பிறகும் உச்சியின் எந்தப் புள்ளி என்ற கேள்வி இருக்கிறது. இயற்கையான தரையில் மிக உயர்ந்த இடமே கணக்கு. தண்ணீர்த் தொட்டியும் கோபுரமும் சேராது. அளவைக் கல்லைக் கண்டதும் அதன் தலையில் கருவியை வைத்துவிடுவது பலருக்கும் பழக்கம். அந்தக் கல்லை நட்டவர்களுக்கு நாலாபுறமும் பார்வை கிடைத்தால் போதும். மிக உயர்ந்த பாறை பத்தடி தள்ளிப் புதருக்குள் கிடக்கலாம்.

கைக்கடிகாரத்தின் கதை வேறு. நண்பர் ஒருவர் காலை பத்து மணிக்குக் கொடிமலை அடிவாரத்து மூன் கேட் வாசலில் தன் புதுக் கடிகாரத்தின் உயரத்தைச் சரிசெய்துகொண்டு ஏறினார். மாலை நான்கு மணிக்கு இறங்கி வந்து அதே படியில் நின்றார். கடிகாரம் முப்பது மீட்டர் கூட்டிக் காட்டியது. “அண்ணே, அடிவாரமே மேலே வந்துவிட்டதா?” என்று கேட்டார். அந்தக் கடிகாரம் உயரத்தை அளப்பதில்லை. காற்றழுத்தத்தை அளந்து உயரமாக மாற்றிச் சொல்கிறது. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். காலை பத்து மணியளவில் உச்சத்துக்குப் போய், மாலை நான்கு மணியளவில் மூன்று, நான்கு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) குறைந்துவிடும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு எட்டரை, ஒன்பது மீட்டர் என்று பெருக்கிப் பாருங்கள், முப்பது வந்துவிடும். கடிகாரத்தில் பழுது ஒன்றும் இல்லை.

செயற்கைக்கோள் கருவிக்கு அழுத்தம் தேவையில்லை, ஆனால் அது தரும் எண் அப்படியே கடல்மட்டத்திலிருந்து எடுத்த உயரம் அல்ல. பூமிக்குப் பொருத்திய வழவழப்பான ஒரு கணித வடிவத்திலிருந்துதான் அது அளக்கிறது. உண்மையான கடல்மட்டம் அந்த வடிவத்தோடு ஒட்டி இருப்பதில்லை. இலங்கைக்குத் தெற்கே அது நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. அந்தப் பெரும்பள்ளத்தின் கிழக்குச் சரிவில் இருக்கும் பினாங்குக்கும் பல மீட்டர் தாழ்வு உண்டு. திருத்தம் செய்யாமல் எழுதினால் பினாங்கு மலைகள் எல்லாம் குட்டையாகிவிடும்.

கடல்மட்டம் என்பதும் ஒன்றல்ல. மலேசியத் தீபகற்பத்தின் பழைய உயரங்கள் 1912-ஆம் ஆண்டு அடிமட்டத்தை, அதாவது உயரத்தை எண்ணத் தொடங்கும் பூஜ்ய மட்டத்தை, சார்ந்தவை. போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் சில மாதங்கள் பார்த்த கடலின் ஏற்ற இறக்கத்தை வைத்து வகுத்தது அது. அதே துறைமுகத்தில், கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறிய பிறகு, 1984 முதல் 1993 வரை பத்தாண்டுகள் அளந்து இன்றைய அடிமட்டத்தை நிறுவினார்கள். பழைய வரைபட எண்ணையும் புதிய அளவையும் பக்கத்தில் வைத்து மலை வளர்ந்தது, தேய்ந்தது என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கினபாலு 4,101 மீட்டர் என்று படித்த தலைமுறை நாங்கள். 1997-இல் செயற்கைக்கோள் வழியாக மறுபடி அளந்தபோது 4,095 மீட்டர் என்றானது. ஆறு மீட்டர் எங்கேயும் உதிர்ந்து விழவில்லை. பழைய எண்ணில்தான் பிழை இருந்தது.

என் பங்குக்கும் ஒன்று சொல்கிறேன். நானும் அளவையாளன்தான். ஒரு முறை முக்காலியில் செயற்கைக்கோள் கருவியின் ஆண்டெனாவை நிறுத்தி மூன்று மணி நேரம் பதிவு எடுத்துவிட்டு, தரையிலிருந்து ஆண்டெனா வரையிலான உயரத்தைக் கழிக்க மறந்துவிட்டேன். ஒன்றரை மீட்டர்! உயரம் ஏற்கெனவே தெரிந்த மட்டக்குறியோடு ஒத்துப் பார்த்திராவிட்டால் அது அறிக்கையிலேயே ஏறியிருக்கும்.

ஒன்றரை மீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஸ்காட்லாந்தில் 3,000 அடி, அதாவது 914.4 மீட்டர், தாண்டிய மலைகளுக்கு மன்றோ என்று ஒரு பட்டியல் உண்டு. 915 மீட்டர் என்று வரைபடத்தில் இருந்த ஸ்கூர் நான் கியானிகன் 2009-இல் 913.43 என்று அளக்கப்பட்டுப் பட்டியலை விட்டு இறங்கியது. மாறாக, இங்கிலாந்தில் காஃப் டாப் என்ற குன்று 2016-இல் 609.606 மீட்டர் என்று தெரிய வந்தது. அங்கே மலை என்று சொல்ல வைத்திருக்கும் 2,000 அடிக் கோடு 609.6. ஆறு மில்லிமீட்டரில் அது மலையாகிவிட்டது. உச்சியில் ஒருவர் செருப்பைத் தேய்த்தாலே போய்விடும் அளவு. எண்ணைத் தருவது அளவையாளர், பட்டியலை மாற்றுவது பட்டியலுக்குப் பொறுப்பானவர். மன்றோ பட்டியலை ஸ்காட்டிஷ் மலையேற்றக் கழகம்தான் திருத்துகிறது.

நம் நாட்டில் பெயரை வைத்து வகை சொல்லவே முடியாது. குளுவாங்கில் இருக்கும் குனோங் லம்பாக் 510 மீட்டர். தைப்பிங்கின் புக்கிட் லாருட் 1,250 மீட்டர். குனோங் என்றால் மலை, புக்கிட் என்றால் குன்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு இந்த இரண்டையும் எப்படி விளக்குவது?

பினாங்கில் உயரக் கோடு காசு சம்பந்தப்பட்டது. 76 மீட்டருக்கு மேல் உள்ள நிலத்திலும் 25 பாகைக்கு மேல் சரிந்த நிலத்திலும் மாநிலத் திட்ட விதிகள் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துகின்றன. 76 என்பது பழைய 250 அடி. இந்தக் கோட்டை 20 மீட்டர் இடைவெளியில் சமவுயரக் கோடுகள் வரைந்த வரைபடத்திலிருந்து எடுப்பதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. அத்தகைய வரைபடத்தில் பத்து மீட்டர் பிழை சாதாரணம். 25 பாகைச் சரிவில் அது தரையில் 21 மீட்டர் நகர்வு. 5 பாகைச் சரிவில் 114 மீட்டர், அதாவது ஒரு வரிசை வீடுகள். ரேடார் வழியாக எடுத்த உயரத் தரவு இன்னும் மோசம்: காட்டு மரங்களின் தலையைத் தரை என்று எண்ணிவிடும். இதற்கிடையில் 1960-ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மலைநிலம் என்று அரசிதழில் அறிவித்த நிலம், யார் எப்படி அளந்தாலும், அறிவிப்பு மாறும்வரை மலைநிலம்தான்.

சென்ற ஆண்டு ஒரு நில உரிமையாளர் தன் நிலத்தின் பின்மூலை 75.8 மீட்டர் என்ற தாளோடு வந்தார். அந்த மூலை 76 மீட்டர் கோட்டுக்குக் கீழே என்று எழுதிக் கையெழுத்திடச் சொன்னார். அந்த அளவின் பிழை வரம்பு முப்பது சென்டிமீட்டர். 75.5-ஆகவும் இருக்கலாம், 76.1-ஆகவும் இருக்கலாம் என்றேன். “ஐயா, மறுபடி அளந்தால் குறையாதா?” என்றார். கூடவும் செய்யலாம் என்றேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேறோர் அளவையாளரைத் தேடிப் போய்விட்டார்.