ரெட்ரோ கேம் பெட்டிக்கு எத்தனை ஜிபி வேண்டும்? வாங்கும் முன் கணக்குப் போடும் முறை

பழைய கேம்களை ஓட்ட ஒரு சின்னக் கம்ப்யூட்டரைத் தயார் செய்யும்போது பலரும் முதலில் வாங்குவது மெமரி கார்டைத்தான். சிலர் 32 ஜிபி வாங்குவார்கள், அது பத்துப் பன்னிரண்டு டிஸ்க் கேம்களிலேயே நிரம்பிவிடும். சிலர் கார்ட்ரிட்ஜ் (கன்சோலில் செருகும் பிளாஸ்டிக் கேசட்) கேம் மட்டுமே ஓடப்போகும் பெட்டிக்கு 2 டிபி எஸ்எஸ்டி வாங்கிவைப்பார்கள். எந்தக் கன்சோல் என்று முடிவு செய்யாமல் ஜிபியை முடிவு செய்வதுதான் இரண்டு தவறுக்கும் காரணம். ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கன்சோல் பட்டியல் எழுதுங்கள்

எத்தனை கேம் என்பதைவிட, அவை கார்ட்ரிட்ஜில் வந்தவையா டிஸ்க்கில் வந்தவையா என்பதுதான் இடத்தைத் தீர்மானிக்கிறது. வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள்:

- முதல் நின்டெண்டோ: ஒரு கேம் சில பத்து கேபி முதல் 1 எம்பிக்குள். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கேபிதான்.
- சூப்பர் நின்டெண்டோ: அதிகபட்சம் 6 எம்பி. மெகா டிரைவும் ஏறக்குறைய இதே அளவு.
- கேம் பாய் அட்வான்ஸ்: பெரும்பாலும் 4 முதல் 32 எம்பி.
- நின்டெண்டோ 64: 4 முதல் 64 எம்பி.
- பிளேஸ்டேஷன் 1 (சுருக்கமாக பிஎஸ்1), சேகா சாட்டர்ன்: ஒரு சிடிக்கு 700 எம்பி வரை. ஃபைனல் ஃபேன்டஸி 7 போல மூன்று சிடியில் வந்தவையும் உண்டு.
- டிரீம்காஸ்ட்: டிஸ்க்குக்கு ஏறக்குறைய 1 ஜிபி.
- பிஎஸ்பி: 1.8 ஜிபி வரை.
- கேம்க்யூப்: முழு டிஸ்க் நகல் 1.46 ஜிபி.
- பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2): ஒற்றை அடுக்கு டிவிடி 4.7 ஜிபி வரை, இரட்டை அடுக்கு 8.5 ஜிபி வரை.

ஒரே ஒரு பிஎஸ்2 டிவிடி பிடிக்கும் இடத்தில் சூப்பர் நின்டெண்டோ கேம் குறைந்தது 700 வைக்கலாம். அதனால் கார்ட்ரிட்ஜ் கேம்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கவலைப்பட வேண்டியதில்லை, எல்லாவற்றுக்கும் சேர்த்து 3 அல்லது 4 ஜிபி என்று ஒதுக்கிவிட்டு நகருங்கள். டிஸ்க் கேம்களை மட்டும் எண்ணுங்கள், அதிலும் உண்மையில் விளையாடப்போகிறவற்றை மட்டும். சொந்த டிஸ்க்குகளிலிருந்து நீங்களே நகல் எடுப்பதாக இருந்தால் இந்தப் பட்டியல் தானாகவே அளவோடு நிற்கும்.

உங்கள் கம்ப்யூட்டருக்கு அந்தக் கன்சோலை ஓட்டும் திறன் உண்டா என்றும் இங்கேயே பார்த்துவிடுங்கள். ராஸ்பெரி பை 4 என்னும் சின்னக் கம்ப்யூட்டரில் பிளேஸ்டேஷன் 1 வரை சிரமமின்றி ஓடும், பிஎஸ்2 கேம்களை நம்பி ஓட்ட முடியாது. ஓடாத கேமுக்கு இடம் வாங்குவது வீண்.

படி 2: கூட்டிப் பாருங்கள்

ஓர் எடுத்துக்காட்டு. கார்ட்ரிட்ஜ் கேம்கள் 400, நின்டெண்டோ 64 கேம்கள் 30, பிஎஸ்1 சிடிகள் 50, பிஎஸ்2 டிவிடிகள் 20, கேம்க்யூப் டிஸ்க்குகள் 10 என்று வைத்துக்கொள்வோம்.

கார்ட்ரிட்ஜுக்கு 3 ஜிபி. நின்டெண்டோ 64-க்கு 1. பிஎஸ்1-க்கு 50 × 0.7 = 35. பிஎஸ்2-க்கு 20 × 4.7 = 94. கேம்க்யூபுக்கு 15. இதோடு இயங்குதளத்துக்கு 16 ஜிபி சேருங்கள். அடுத்தது பலரும் மறந்துவிடும் ஒன்று: மெனுவில் தெரியும் அட்டைப்படங்களும் சின்ன வீடியோக்களும். வீடியோவோடு எடுத்தால் கேமுக்கு 6 எம்பி என்று வையுங்கள், 500 கேமுக்கு 3 ஜிபி. கார்ட்ரிட்ஜ் கேம்களுக்கு இந்த அலங்காரம் கேமைவிடப் பெரிதாக இருக்கும்!

மொத்தம் 167 ஜிபி. அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதல் இடம் விட்டால் ஏறக்குறைய 220. ஆக 256 ஜிபி போதும். கணக்கில் பிஎஸ்2 மட்டும் பாதிக்கு மேல் தின்றிருப்பதைக் கவனியுங்கள். அதை எடுத்துவிட்டால் 128 ஜிபியிலேயே எல்லாம் அடங்கிவிடும். பிஎஸ்1 வரைக்கும் போதும் என்கிற ஆரம்பநிலைக்காரர்களுக்கு எங்கள் பரிந்துரையும் அந்த 128-தான்.

256 என்று அச்சிட்ட கார்டு விண்டோஸில் 238 என்று காட்டினால் பதற வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது. 1 டிபி 931 என்று தெரிவதும் இதனால்தான்.

படி 3: வாங்கும் முன்பே சுருக்கும் வழியை முடிவு செய்யுங்கள்

சிடி, டிவிடி நகல்களைச் சிஎச்டி கோப்பாக மாற்றினால் ஒரு துளி தகவலும் இழக்காமல் அளவு குறையும். எவ்வளவு என்பது கேமைப் பொறுத்தது. முழுவதும் வீடியோ நிறைந்த டிஸ்க் அதிகம் சுருங்காது, வெற்றிடம் நிறைந்தது பாதிக்கும் கீழே போகும். பிஎஸ்1, சாட்டர்ன், டிரீம்காஸ்ட், பிஎஸ்2 எமுலேட்டர்கள் (அந்தக் கன்சோல்களைப் போல நடித்து கேமை ஓட்டும் நிரல்கள்) இன்று சிஎச்டியை நேரடியாகவே திறக்கின்றன. மாற்றித் தருவது மேம் என்னும் எமுலேட்டர் தொகுப்போடு வரும் சிஎச்டிமேன் என்னும் கருவி.

இதில் நடக்கும் தவறுகள் மூன்று. பிஎஸ்1 நகலில் பின், க்யூ என்று இரண்டு வகைக் கோப்புகள் இருக்கும். கருவிக்குக் காட்ட வேண்டியது க்யூ கோப்பை. தடங்களின் வரிசை அதில்தான் இருக்கிறது, அது இல்லாமல் மாற்றினால் பாட்டுத் தடங்கள் தொலைந்து கேம் மௌனமாக ஓடும். இரண்டாவது, பிஎஸ்2 கேம்களில் டிவிடியில் வந்தவையும் உண்டு, சிடியில் வந்தவையும் உண்டு. கருவியில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளை இருக்கிறது, மாற்றிப் போடாதீர்கள். மூன்றாவது, மாற்றும் நேரத்தில் பழைய கோப்பும் புதிய கோப்பும் ஒருசேர இடம் பிடிக்கும். நிரம்பிய கார்டிலேயே இந்த வேலையைச் செய்தால் பாதியில் நின்றுவிடும். பெரிய கம்ப்யூட்டரில் மாற்றி, திறந்து பார்த்துவிட்டு, பிறகு கார்டுக்கு நகலெடுங்கள்.

கேம்க்யூப் கதை வேறு. அதன் டிஸ்க்கில் காலி இடத்தைப் பொருளற்ற தகவலால் நிரப்பியிருப்பார்கள். ஜிப் செய்தால் அது சுருங்காது. டால்ஃபின் எமுலேட்டரின் ஆர்விஇஸட் வடிவம் அந்த நிரப்பலை அடையாளம் கண்டு, தேவைப்படும்போது மறுபடி உருவாக்கிக்கொள்கிறது. சின்ன கேமாக இருந்தால் கோப்பு வெகுவாக இளைத்துவிடும்.

படி 4: கார்டா, எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்க்கா

வேகத்துக்காக அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. பிஎஸ்1-இன் சிடி டிரைவ் நொடிக்கு 300 கேபிதான் படித்தது. பிஎஸ்2-இன் டிவிடி டிரைவ் 5 எம்பிக்குச் சற்று மேல். சாதாரண மெமரி கார்டே அதைப்போலப் பல மடங்கு வேகம். கார்ட்ரிட்ஜ் கேமோ திறந்தவுடன் முழுசாக ரேமுக்குப் போய்விடும். வேகக் குறைவு தெரிவது கம்ப்யூட்டர் தொடங்கும்போதும், நூற்றுக்கணக்கான அட்டைப்படங்களை மெனு ஏற்றும்போதும், நீங்கள் நகலெடுத்துக் காத்திருக்கும்போதும்தான். நொடிக்கு 30 எம்பி வேகத்தில் 200 ஜிபி ஏற ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும்.

256 ஜிபி வரை ஏ1 குறி உள்ள மெமரி கார்டு போதும். சின்னச் சின்னக் கோப்புகளைத் துரிதமாகப் படிக்கும் என்பதற்கான குறி அது. 512 ஜிபியைத் தாண்டினால் இயங்குதளத்தைச் சின்னக் கார்டிலும் கேம்களை யூஎஸ்பி எஸ்எஸ்டியிலும் பிரித்து வைப்பது நல்லது. கார்டு கெட்டாலும் கேம்கள் பிழைக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் கேமுக்குப் போதும், ஆனால் மின்சாரத்தைக் கவனியுங்கள். ராஸ்பெரி பை 4-இன் நான்கு யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். சுழலத் தொடங்கும் கணத்தில் சில டிஸ்க்குகள் 1 ஆம்பியர் வரை இழுக்கும். கன்ட்ரோலர்களும் மாட்டியிருந்தால் டிஸ்க் திடீரென்று காணாமல்போகும். தனி மின் இணைப்புள்ள யூஎஸ்பி ஹப் இதைத் தீர்க்கும்.

படி 5: வந்தவுடன் கார்டைச் சோதியுங்கள்

போலிக் கார்டு 256 என்று சொல்லும், உள்ளே 32 இருக்கும். 32 நிரம்பும்வரை ஒழுங்காக நடக்கும், பிறகு எழுதுவதெல்லாம் பாழாகும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவச நிரல்கள் கார்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்து உண்மை அளவைச் சொல்லும். பல மணி நேரம் ஆகும், இரவில் ஓடவிடுங்கள். கேம்களை ஏற்றிய பிறகு அல்ல, ஏற்றும் முன்.

படி 6: ஃபார்மட்

பெட்டியில் மட்டுமே இருக்கப்போகும் டிரைவுக்கு லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபார்மட். விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் அடிக்கடி மாட்ட வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். ஃபேட்32 மட்டும் வேண்டவே வேண்டாம்: ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட அது விடாது. இடம் நிறைய இருக்கும்போதே பிஎஸ்2 கேம் நகலாக மறுத்தால் காரணம் இதுதான்.

பட்டோசெரா, ரெட்ரோபை போன்ற ரெட்ரோ கேம் இயங்குதளங்களை எழுதிய கார்டை விண்டோஸில் மாட்டினால், எக்ஸ்ட்4 பகுதியை அதனால் படிக்க முடியாது. ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். "வேண்டாம்" என்பதை அழுத்துங்கள், இல்லையென்றால் எல்லாம் போய்விடும். 128 ஜிபி கார்டில் சில ஜிபி மட்டுமே தெரிந்தால் பார்ட்டிஷன் (கார்டில் பிரித்த பகுதி) இன்னும் விரிவடையவில்லை என்று பொருள். பெட்டியில் ஒரு முறை முழுவதுமாகத் தொடங்கவிட்டால் பெரும்பாலும் தானாக விரிந்துவிடும்.

படி 7: சேவ் கோப்புகளுக்குத் தனி நகல்

கேமை மறுபடி டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நாற்பது மணி நேரம் ஆடிச் சேர்த்த சேவ் போனால் போனதுதான். அதுவோ மிகச் சின்னது: பிஎஸ்1 மெமரி கார்டு ஒன்று 128 கேபி, பிஎஸ்2 கார்டு 8 எம்பி. எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை ஒரு பழைய பென்டிரைவில் போட்டுவைக்கலாம். பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்ச் நிரல் வழக்கமாகக் கேமை விட்டு வெளியேறும்போதுதான் சேவை டிரைவில் எழுதுகிறது. கேம் ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கினால் அன்றைய ஆட்டம் முழுவதும் போய்விடும். அதன் அமைப்புகளில் சேவ் ரேம் தானாக எழுதப்படும் இடைவெளியை 10 நொடி என்று வைத்துவிடுங்கள், அணைக்கும்போதும் மெனு வழியாகவே அணையுங்கள்.