அமீன்களைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் அமீன்களிடம் (நைட்ரஜன் கொண்ட, காரத்தன்மையுள்ள கரிமச் சேர்மங்கள்) சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கையுறை, காற்றுப்போக்கு பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

ஒன்றுக்கு ஒன்று போட்டால் ஒன்றுதான் கிடைக்கும் என்று நம்புவது

பென்சைலமீனின் நைட்ரஜனில் ஒரே ஒரு மெத்தில் தொகுதி ஏற வேண்டும். ஒரு மோல் அமீனுக்கு ஒரு மோல் மெத்தில் அயோடைடு என்று ஒரு மாணவி கணக்குப் போட்டார். பிரித்துப் பார்த்தால் பழைய அமீன் கணிசமாக மிச்சம். கூடவே ஈரிணைய அமீன், மூவிணைய அமீன், நான்கிணைய அம்மோனியம் உப்பு, அதாவது நைட்ரஜனில் இரண்டு, மூன்று, நான்கு கரிமத் தொகுதிகள் ஏறியவை. "எடையெல்லாம் சரியாத்தானே சார் போட்டேன்?" என்றார்.

எடையில் தவறே இல்லை. மெத்தில் ஏறிய நைட்ரஜன் முன்பைவிட வேகமாக அடுத்த மெத்திலைத் தேடிப் போகிறது. வெளிவரும் அமிலமோ இன்னும் வினைபுரியாத அமீனை உப்பாக்கி முடக்கிவிடுகிறது. காரம் சேர்த்தால் அந்த உப்பு விடுபடும், ஆனால் கலவை கலவையாகவே இருக்கும். அம்மோனியாவும் எத்தில் அயோடைடும் இப்படி நான்கிணைய உப்பு வரை போகும் என்று வேதியியலாளர் ஹாஃப்மன் 1850 வாக்கிலேயே காட்டிவிட்டார். அதற்குப் பிறகும் ஒரே அம்பு, ஒரே விளைபொருள் என்று எழுதிக் கொடுக்கும் பாடக்குறிப்புகளைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அந்த ஒரு வரியை நம்பித்தான் வாரக்கணக்கான உழைப்பு வீணாகிறது.

சரி, வேறு வழி? பென்சால்டிஹைடையும் மெத்திலமீனையும் சேர்த்து இமீனாக்கி (கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்புள்ள சேர்மம்), அப்புறம் சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்குங்கள். இரண்டாவது மெத்தில் ஏற அங்கே வழியே இல்லை. நைட்ரஜனில் ஒரே கரிமத் தொகுதியுள்ள ஓரிணைய அமீன் வேண்டுமென்றால் காப்ரியல் தாலிமைடு முறை இருக்கிறது. தொடக்க அமீன் மலிவானது, எளிதில் ஆவியாகி நீங்கும் என்றால் அதைப் பல மடங்கு மிகையாக எடுப்பதும் பலன் தரும்.

நீர் அடுக்கைக் கொட்டிவிடுவது

பிரிபுனலில் அமிலம் விட்டதும் ஈதரிலிருந்த அமீன் உப்பாகி நீருக்குள் இறங்கிவிடும். அதைக் கொட்டிவிட்டு ஈதர் அடுக்கை ஆவியாக்கினால் ஒன்றும் மிஞ்சாது. காரம் சேர்த்து அமீனை மீட்டு, எடை பார்க்கும் வரை எந்த அடுக்கையும் வெளியேற்றாதீர்கள்.

எல்லா அமீனும் ஒரே வலிமையுள்ள காரம் என்று எடுத்துக்கொள்வது

இணை அமிலத்தின் பிகேஏ (இந்த எண் கூடினால் காரம் வலுவானது) பென்சைலமீனுக்குச் சுமார் 9.3, அனிலீனுக்கு 4.6. கிட்டத்தட்ட 50,000 மடங்கு வித்தியாசம். அனிலீனில் நைட்ரஜனின் எலக்ட்ரான் இணை பென்சீன் வளையத்தோடு பகிரப்படுவதே காரணம். பிஎச் 7-இல் பென்சைலமீன் நீருக்குப் போகும், அனிலீன் ஈதரிலேயே நிற்கும்.

கால்சியம் குளோரைடால் உலர்த்துவது

வேண்டாம், அமீனோடு சேர்ந்து அணைவாகிவிடும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடை எடுங்கள்.

ஈரிணைய அமீன் கழிவை அமில நைட்ரைட் கழிவோடு கலப்பது

ஒருபோதும் கூடாது. நைட்ரோசமீன்கள் உருவாகும், அவற்றில் பல புற்றுநோய் உண்டாக்குபவை.