இஸ்லாமியச் சீர்திருத்த வரலாற்றைப் படிக்கத் தொடங்குவது எப்படி?

கோவை கோட்டைமேட்டிலோ ஈரோட்டிலோ நண்பர்கள் சிலர் கூடி இவ்வரலாற்றைப் படிக்க விரும்பினால், முதலில் 1866இல் வட இந்தியாவின் தேவ்பந்து ஊரில் தொடங்கிய மதரஸாவையும் (மார்க்கக் கல்விக்கூடம்) 1875இல் சர் சையது அகமது கான் அலிகாரில் நிறுவிய கல்லூரியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆங்கிலேயருக்கு எதிரான 1857 கிளர்ச்சி தோற்றபின், முஸ்லிம் சமூகம் இனி எவ்வழியில் செல்வது என்று எழுந்த ஒரே கேள்விக்கு, முன்னது மார்க்கக் கல்வியைக் காப்பதையும், பின்னது மேலைக் கல்வியை ஏற்பதையும் விடையாகக் கொண்டன. இந்த வேறுபாடு பிடிபடும்வரை (அவசரம் வேண்டாம்) அடுத்ததற்குப் போகாதீர்கள்.

பிறகு எகிப்து. கண்மூடிப் பின்பற்றுவதை விடுத்து மூலநூல்களிலிருந்து சிந்தித்து முடிவெடுக்கும் ‘இஜ்திஹாத்’ வேண்டுமென எகிப்திய மார்க்க அறிஞர் முகம்மது அப்துஹு வாதிட்டதையும், அவருடைய மாணவர் ரஷீத் ரிழா 1898இல் கெய்ரோவில் தொடங்கிய ‘அல் மனார்’ இதழையும் சேர்த்தே படியுங்கள். தமிழுக்கு வரும்போது, தமிழ் முஸ்லிம்களிடையே சீர்திருத்தம் பேசிய பா. தாவூத் ஷாவின் ‘தாருல் இஸ்லாம்’ இதழைத் தேடிப் படியுங்கள். சீர்திருத்தம் பேசிய அனைவரையும் ‘வஹாபி’ (அரேபியாவின் முகம்மது இப்னு அப்துல் வஹாபின் வழி நடப்பவர்) என்று ஒரே பெயரில் அடைப்பது மட்டும் பெரும்பிழை.