பழைய க்வில்ட் டாப்ப முடிக்கலாம், ஆனா அதோட மூஞ்சிய மாத்திடாதீங்க

பழைய க்வில்ட் டாப் ஒண்ணு கைக்கு வந்திருக்கா? க்வில்ட்னா மூணு அடுக்கு சேத்து தைச்ச போர்வை, அதுல துண்டு துண்டா ஒட்டுப்போட்ட மேல்துணி மட்டும்தான் இருக்கு, நடுவுல வைக்கிற பஞ்சு அடுக்கு, அதாவது பேட்டிங்கும் இல்ல, அடித்துணியும் இல்ல, யாரோ தைச்சு பாதியில விட்டுட்டு போயிருக்காங்க. முதல் வேலை என்னன்னா, அத துவைக்காம இருக்கறதுதான். பின்பக்கம் தையலுக்கு விட்ட ஓரமெல்லாம் அடிக்காம பிசிறா கிடக்கும், தண்ணியில போட்டு அலசினீங்கன்னா நூல் நூலா உருவிக்கிட்டு வந்து கால் இன்ச் ஓரம் இருந்த எடத்துல தையல் மட்டும்தான் மிஞ்சும். தூசிய எடுக்கணுமா, மேல ஒரு நெட் துணிய விரிச்சு வேக்குவம் கிளீனர குறைஞ்ச வேகத்துல வச்சு எடுங்க, நிழல்ல காத்தாட ரெண்டு நாள் விரிச்சு வைங்க, குளியலெல்லாம் கடைசியில பாத்துக்கலாம்.

அடுத்து திருப்பிப் போட்டு பாருங்க. கதை முழுக்க பின்பக்கம்தான் இருக்கும், கையால தைச்சதா மெஷின்ல தைச்சதா, எந்த துணி எப்படி, எல்லாம். டாப்ல இருக்கறதுலயே புதுசான துணி எந்த காலத்துதோ அதுக்கு முன்னாடி இத தைச்சிருக்க முடியாது, அவ்ளோதான் கணக்கு. அமெரிக்காவுல 1930, 40கள்ல மாவும் கோழித்தீவனமும் பூப்போட்ட காட்டன் பையிலயே வந்துச்சு, அந்த பையப் பிரிச்சு தைச்ச டாப்னா சில துண்டோட ஓரத்துல பழைய தையல் ஓட்டை வரிசையா தெரியும். காட்டனா பாலியஸ்டரான்னு சந்தேகமா இருந்தா பின்னாடி ஓரத்துல இருந்து ஒரு நூல் உருவி கொளுத்திப் பாருங்க, காட்டன் பேப்பர் எரியற வாசனையோட சாம்பலாயிடும், பாலியஸ்டர் உருகி கெட்டியா குண்டுமணி மாதிரி நிக்கும்.

19ஆம் நூற்றாண்டு பிரவுன், கறுப்பு துணி பலதுல சாயம் பிடிக்க இரும்பு சேர்த்திருப்பாங்க, அது வருஷக்கணக்கா துணியவே அரிச்சுடும், அதனாலதான் மத்த துண்டெல்லாம் நல்லா இருக்க பிரவுன் மட்டும் இத்துப்போயிருக்கும். அந்த காலத்து பட்டு இன்னும் மோசம், பலதுல எடை கூட்ட உலோக உப்பு ஏத்தியிருப்பாங்க, தொட்டா கோடு கோடா கிழியும். அப்படி பட்டுல இருக்கற டாப்ப முடிக்கவே முடிக்காதீங்க, அமிலம் இல்லாத பேப்பர் வச்சு சுத்தி வைங்க. ரொம்ப பழசு, ரொம்ப அபூர்வம்னு தோணினாலும் ஊசிய எடுக்கறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது காட்டிடுங்க.

இப்ப ரிப்பேர். நான் முதல்ல எடுத்த டாப்ல வரிசையா நட்சத்திரம், அதுல ஒண்ணுக்கு மட்டும் ஒரு முனை வேற கலர், எனக்கு கண்ண உறுத்திச்சு, உடனே பிரிச்சு மேட்ச்சா ஒரு துணி வச்சு தைச்சேன். முடிச்சிட்டு பாத்தா அந்த எடம்தான் புதுசா பளிச்சுன்னு தனியா தெரியுது, பிரிச்ச துண்டோ கையிலயே கிழிஞ்சு போச்சு, திரும்ப வைக்கவும் வழியில்ல. அந்த டாப்ப தைச்ச அம்மா துணி பத்தாம அப்படி வச்சாங்களோ வேணும்னே வச்சாங்களோ, அது அவங்க கணக்கு. அதனால இப்பல்லாம் எனக்கு ஒரே ரூல்தான், எதையும் பிரிச்சு எடுக்கறதில்ல. இத்துப்போன துண்டு மேல அதே காலத்து துணியோ அந்த மங்கின நிறத்துக்கு ஒத்துப்போற துணியோ வச்சு ஓரம் மடிச்சு கையால தைக்கறேன், பழசு அடியில பத்திரமா இருக்கும். லேசா நைஞ்ச எடம்னா மெல்லிசு நெட் துணி போதும். விட்டுப்போன தையல காட்டன் நூல்லயே போடுங்க, பாலியஸ்டர் நூல் வேணாம்னு பலரும் சொல்றாங்க, நானும் அந்தக் கட்சிதான்.

பழைய டாப் அநேகமா தட்டையா உக்காராது, நடுவுல குமுறிக்கிட்டு ஓரம் அலை அலையா நிக்கும். வெட்டி நேராக்க கை பரபரக்கும், விட்டுடுங்க. லேசா ஆவி காட்டி, கையால தள்ளித் தள்ளி பரத்தி, ஒரு நாலு இன்ச்சுக்கு ஒரு வரின்னு நெருக்கமா பேஸ்டிங், அதாவது அப்புறம் பிரிச்சிடற தற்காலிகத் தையல் போட்டா பாதி அடங்கிடும், மீதிய மூணு அடுக்கையும் சேத்து க்வில்ட் பண்ற தையல் இழுத்துக்கும். புதுசா பெரிய பார்டர் வைக்கறது என்னைப் பொறுத்தவரை அநாவசியம், ஆள விட சட்டை பெருசா தெரியும்.

பேட்டிங் மெல்லிசு காட்டன்தான். புசுபுசுன்னு பாலியஸ்டர் வச்சா பழைய டாப் கம்பர்ட்டர், அதான் உப்பின தடிமன் போர்வை மாதிரி ஆயிடும். அடித்துணிக்கு துவைச்சு சுருங்கவிட்ட சாதா காட்டன், சுத்தி நாலு இன்ச் அதிகமா விடுங்க. க்வில்ட் தையலோட டிசைன் அந்த காலத்துக்கு ஏத்த மாதிரி, ஒவ்வொரு துண்டுக்கும் கால் இன்ச் உள்ள தள்ளி ஒரு வரி, இல்ல குறுக்குக் கட்டம், இல்ல விசிறி விசிறியா வளைவு. கையால போட்டா அழகு, மெஷின்னாலும் தப்பில்ல, ஆனா தையல ரொம்ப அடர்த்தியா போட்டுடாதீங்க, நைஞ்ச துணிய ஊசியே கிழிச்சிடும். கோடு போட சாக்பீஸ் போதும், சூடு பட்டா அழியற பேனாவ நம்பாதீங்க, குளிர்ல திரும்ப வந்து நிக்கும்.

பைண்டிங், அதாவது ஓரத்த சுத்தி மூடித் தைக்கிற பட்டி ஒல்லியா, கால் இன்ச். ஓரம் வளைவா இருந்தா துணிய சாய்வா வெட்டின கிராஸ் பட்டிதான், வளைவ வெட்டி நேராக்கிடாதீங்க. பின்னாடி ஒரு துணி லேபிள் தைச்சு டாப் சுமாரா எந்த வருஷம், முடிச்சது யாரு எப்ப, எந்த எடத்துல புதுத்துணி வச்சீங்கன்னு எழுதுங்க, தைச்சவங்க பேர் தெரியலன்னா தெரியலன்னே எழுதுங்க.

துவைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கலர் மேலயும், முக்கியமா சிவப்பு, கருநீலம், ஈரப் பஞ்ச அழுத்திப் பாருங்க, சாயம் ஒட்டினா துவைக்கவே வேணாம். ஒட்டலன்னா டப்புல பச்சத்தண்ணி, மைல்டு சோப்பு, முறுக்காம கசக்காம ஊறவச்சு, தூக்கும்போது அடியில ஒரு பெட்ஷீட்ட போட்டு தொட்டில் மாதிரி தூக்குங்க, ஈரத்துல அதோட சொந்த எடையே தையல கிழிச்சிடும். தட்டையா விரிச்சு காயவைங்க. காய்ஞ்சதும் காட்டன் சுருங்கி மேல பூராவும் குட்டி குட்டி சுருக்கம் விழும், ஐயையோன்னு இஸ்திரிப் பெட்டிய எடுத்துடாதீங்க, அந்த சுருக்கம்தான் நமக்கு வேணும்.