சப்-கான்ட்ராக்ட் பேரம்: கையெழுத்துக்கு முன் நடக்கும் தவறுகள்

கோலாலம்பூரில் ஒயரிங், பிளம்பிங், பிளாஸ்டரிங் என்று சப்-கான்ட்ராக்ட் எடுக்கும் நம்மவர்களில் பலர், மெயின் கான்ட்ராக்டர் ஆபீசுக்குப் போகும்போது ரேட்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போகிறார்கள். எதிரே உட்காரும் குவாண்டிட்டி சர்வேயருக்கு, அதாவது வேலை அளவையும் செலவையும் கணக்கிடுபவருக்கு, அது வசதி. ரேட்டில் கொஞ்சம் இறங்கி வந்து, மற்றதையெல்லாம் தன் பக்கம் எழுதிக்கொள்வார்.

4 லட்சம் ரிங்கிட் வேலை என்று வையுங்கள். 5 விழுக்காடு குறைத்தால் போவது 20,000. மெயின் கான்ட்ராக்டில் நாளுக்கு 5,000 என்றிருக்கும் எல்ஏடி, அதாவது தாமத இழப்பீடு, அப்படியே உங்கள் தலையில் இறங்கினால் பத்தே நாளில் 50,000 போய்விடும். ரேட்டுக்கு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியவர் இந்தப் பக்கத்தைப் புரட்டியே பார்த்திருக்க மாட்டார். எல்ஏடி உங்கள் வேலையின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், மொத்தத்துக்கும் ஒரு வரம்பு வேண்டும் என்று கேளுங்கள். உங்களுக்கு முன் வேலை செய்பவர் இடத்தை ஒப்படைக்காமல் இழுத்த நாள்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ரிடென்ஷனாக, அதாவது குறை சரிசெய்யும்வரை வைத்திருக்கும் பிடித்தமாக, ஒவ்வொரு பில்லிலும் 10 விழுக்காடு, மொத்தத்தில் 5 விழுக்காடு வரை பிடிப்பது வழக்கம்தான். அது எப்போது திரும்பி வரும் என்பதில்தான் கோட்டை விடுகிறோம். ‘மெயின் கான்ட்ராக்டின் டிஎல்பி முடிந்ததும்’ என்று எழுதியிருந்தால் (டிஎல்பி என்பது குறைதீர் காலம்), அஸ்திவாரத்துக்கான பைலிங் முடித்து முதல் ஆண்டிலேயே கிளம்பியவரும் கட்டடம் எழும்பி, அந்தக் காலமும் ஓடி முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

‘எங்களுக்குப் பணம் வந்ததும் உங்களுக்கு’ என்ற ஷரத்துக்குப் பயப்பட வேண்டாம். 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் உள்ள, கட்டுமானப் பணப் பட்டுவாடா குறித்த சிப்பா (CIPAA) சட்டத்தின் 35ஆம் பிரிவுப்படி அது செல்லாது. ஆனால் அந்தச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்துக்கு மட்டுமே பொருந்தும். ‘நம்ம ஆளுதானே’ என்று வாய்ப்பேச்சில் இறங்கியவருக்கு அது கை கொடுக்காது. பில் கொடுத்து எத்தனை நாளில் பணம் என்பதையும் பேசி முடியுங்கள். மாதம் 80,000 பில் போடுபவருக்கு 30 நாள் 60 ஆனால், இன்னொரு 80,000 கைக்காசு முடங்கும்.

போகுமுன் டிராயிங்கின் ரிவிஷன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். லம்ப்சம், அதாவது முழு வேலைக்கும் ஒரே மொத்த விலை, எந்த ரிவிஷனுக்கு என்று சொல்லாவிட்டால், பிறகு வரும் மாற்றமெல்லாம் இலவசம். சாரம், ஹாய்ஸ்ட், தண்ணீர், மின்சாரம் யார் பொறுப்பு? கேட்காமல் விட்டால் குப்பை அள்ளியதற்கும் பேக்-சார்ஜ் என்று உங்கள் பில்லில் கழிப்பார்கள். 2025 ஜூலை முதல் கட்டுமானச் சேவைக்கு 6 விழுக்காடு சேவை வரி இருப்பதால், அது உங்கள் வேலைக்கு உண்டா, விலைக்குள் அடங்குமா என்பதும் தெளிவாகட்டும்.

சைட்டில் மேனேஜர் ‘செய்யுங்க, விஓ பார்த்துக்கலாம்’ என்பார். விஓவில், அதாவது வேலை மாற்ற உத்தரவில், கையெழுத்துப் போடும் அதிகாரம் அவருக்கு உண்டா என்பதைப் பேரத்தின்போதே கேட்டு வையுங்கள். தாமத நோட்டீசுக்கும் காலக்கெடு உண்டு. மெயின் கான்ட்ராக்ட், மலேசிய ஆர்க்கிடெக்ட் சங்கத்தின் ‘பாம் (PAM) 2018’ ஒப்பந்தப் படிவம் என்றால், கூடுதல் அவகாசம் கேட்டு மெயின் கான்ட்ராக்டரே 28 நாளுக்குள் ஆர்க்கிடெக்டுக்கு எழுதியாக வேண்டும். உங்கள் கடிதம் அதற்கு முன்பே அவர் கையில் இருக்க வேண்டும்.

கூட்டம் முடிந்த அன்றே, ஒத்துக்கொண்டதையும் ஒத்துக்கொள்ளாததையும் தனித்தனியே எழுதி ஈமெயில் அனுப்புங்கள். குவாண்டிட்டி சர்வேயரோடு, கையெழுத்துப் போடப்போகும் டைரக்டரின் முகவரியையும் சேர்த்துவிடுங்கள்.